அமெரிக்கக் கட்சிகளின் தேசிய வேட்பு மாநாடு: தயாரிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கப் போகும் தமிழ்க் குடும்பத்தினரும், ஊரிலிருந்தபடி அமெரிக்கத் தேர்தல் செய்திகளைக் கவனிக்கும் உறவினரும் ஒவ்வொரு அதிபர் தேர்தலின்போதும் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. தொலைக்காட்சியில் தெரியும் நான்கு நாள்களைவிட அவற்றுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். வேட்பாளரை முடிவு செய்யும் அதிகாரம் அந்தத் தயாரிப்புக் காலத்தில்தான் கைமாறுகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1. தேசிய வேட்பு மாநாடு என்றால் என்ன? அதைக் கூட்டுவது அரசா, கட்சியா?

கட்சிதான். அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டின் கோடையில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் தனித்தனியே, வழக்கமாக நான்கு நாள்கள், மாநாடு கூட்டி, அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கான தம் வேட்பாளர்களை முறைப்படி தேர்ந்தெடுக்கின்றன. அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தில் கட்சிகளைப் பற்றியே ஒரு சொல்லும் கிடையாது. மாநாட்டைப் பற்றியும் கிடையாது. தொடக்க காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி வேட்பாளரைத் தீர்மானித்தார்கள். அதன்மீது எழுந்த வெறுப்பிலிருந்துதான் மாநாட்டு முறை பிறந்தது. 1831 செப்டம்பரில் பால்டிமோர் நகரில் மேசன் எதிர்ப்புக் கட்சி என்ற சிறிய கட்சி முதல் தேசிய வேட்பு மாநாட்டை நடத்தியது. அடுத்த ஆண்டே ஜனநாயகக் கட்சியும் அதே நகரில் கூடியது.

மாநாட்டுக்கான அழைப்பு ஆவணத்தை ஒவ்வொரு கட்சியின் தேசியக் குழுவும் வெளியிடுகிறது. எந்த மாநிலத்துக்கு எத்தனை பேராளர்கள் (மாநாட்டில் வாக்களிக்கச் செல்லும் பிரதிநிதிகள்), அவர்களை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்தெந்தக் குழுக்கள் அமைய வேண்டும் என்பவற்றை அந்த ஆவணமும் கட்சி விதிகளும் சேர்ந்து வரையறுக்கின்றன. மாநாட்டைப் புரிந்துகொள்ள விரும்புவோர் தலைவர்களின் உரைகளைக் கேட்பதற்கு முன்பு அவற்றைப் படிப்பது நல்லது.

2. வேட்பாளர் யாரென்று மார்ச், ஏப்ரலிலேயே தெரிந்துவிடுகிறதே, பிறகு எதற்கு ஆயிரக்கணக்கானவர்கள் கூட வேண்டும்?

பிரைமரி எனப்படும் முதனிலைத் தேர்தலிலும் காக்கஸ் எனப்படும் உள்ளூர்க் கட்சிக் கூட்டங்களிலும் வாக்காளர்கள் அளிக்கும் வாக்குகள், ஒவ்வொரு போட்டியாளருக்கும் எத்தனை பேராளர்கள் என்பதை நிர்ணயிக்கின்றன. அந்தப் பேராளர்கள் அளிக்கும் வாக்குதான் வேட்பாளரை உருவாக்குகிறது. 2024இல் குடியரசுக் கட்சியின் பேராளர்கள் மொத்தம் 2,429 பேர். 1,215 வாக்குகள் கிடைத்தால் வெற்றி. அந்த எண்ணிக்கையை ஒருவர் மார்ச்சிலேயே எட்டிவிட்டால் முடிவு தெரிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் முறைப்படியான வாக்கெடுப்பு நடந்து, அதன் முடிவு மாநிலங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட பிறகே அவர் பெயர் கட்சி வேட்பாளராக வாக்குச்சீட்டில் ஏறும். கட்சியின் கொள்கை அறிக்கையையும் விதிகளையும் ஏற்பதும் மாநாட்டின் வேலை.

இப்படி முன்கூட்டியே தெரிந்துவிடுவது பழைய வழக்கமன்று. 1968இல் அப்போதைய துணை அதிபர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாமலே, கட்சித் தலைவர்களின் கையிலிருந்த பேராளர்களைக் கொண்டு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். சிகாகோ அரங்குக்கு உள்ளே கூச்சலும் வெளியே தடியடியுமாக முடிந்த அந்த மாநாட்டின் விளைவாக அமைக்கப்பட்ட மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம், பேராளர் தேர்வு வெளிப்படையாகவும் உரிய காலத்திலும் நடக்க வேண்டும் என்று விதி வகுத்தது. 1972 முதல் முதனிலைத் தேர்தல்கள் பெருகின. குடியரசுக் கட்சியும் அதே பாதையில் வந்தது.

3. தயாரிப்பு எப்போது தொடங்குகிறது? ஆறு மாதம் போதாதா?

போதாது. மில்வாக்கியில் 2024 ஜூலையில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு அந்த நகரம் 2022 ஆகஸ்டிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டது. சிகாகோவில் அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்கான இடம் 2023 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. 2028 மாநாட்டை ஹூஸ்டனில் நடத்துவதென்று குடியரசுக் கட்சி 2023இலேயே தீர்மானித்தது.

நகரத் தேர்வைக் காட்டிலும் முக்கியமான வேலை மாநிலங்களில் நடக்கிறது. ஜனநாயகக் கட்சியின் ஒவ்வொரு மாநிலக் கிளையும் தன் பேராளர் தேர்வுத் திட்டத்தை எழுதி, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் கொடுத்து, தேர்தலுக்கு முந்தைய ஆண்டில் தேசியக் குழுவின் விதிகள் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அந்த 30 நாள்களில் கருத்து எழுதுவோர் மிகச் சிலரே என்பது எனக்குப் பெரும் வருத்தம். கூட்டம் எந்த ஊரில், எந்தக் கிழமையில், எந்த மொழி உதவியோடு நடக்க வேண்டும் என்பது வரை அப்போது கேட்க முடியும்.

4. நகரத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எந்தக் கட்சி முதலில் நடத்துவது என்பதை யார் சொல்வது?

நகரங்கள் விண்ணப்பிக்கின்றன, கட்சியின் குழு ஒன்று நேரில் வந்து பார்க்கிறது. பல்லாயிரம் பேர் அமரக்கூடிய மூடிய அரங்கு, அருகிலேயே போதிய விடுதி அறைகள், போக்குவரத்து, காவல்துறையின் திறன், நிதி திரட்டக்கூடிய உள்ளூர் வரவேற்புக் குழு ஆகியவற்றை எடைபோட்டு ஒப்பந்தம் செய்கிறார்கள். கடும் போட்டி நிலவும் மாநிலத்தில் நடத்தினால் வாக்கு கூடும் என்ற எண்ணமும் இதில் கலந்திருக்கும். அப்படிக் கூடியதற்கு வலுவான சான்று இல்லை என்றே நினைக்கிறேன். அதிபர் பதவியில் இல்லாத கட்சி முதலில் நடத்துவது என்பது நெடுநாள் மரபு, சட்டமன்று.

தேர்வாகும் அரங்கு பெரும்பாலும் கூடைப்பந்து விளையாட்டரங்காக இருக்கும். மில்வாக்கியின் ஃபைசர்வ் ஃபோரமும் சிகாகோவின் யுனைடெட் சென்டரும் அத்தகையவை. பல வாரங்களுக்கு முன்பே அரங்கைத் தம் பொறுப்பில் எடுத்து, மேடை கட்டி, தளத்தின் நடுவே கேமரா மேடை எழுப்பி, மேல்தள அறைகளைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒதுக்குகிறார்கள். மேடைக்குப் பின்புறத்து இருக்கைகள் பயன்படாமல் போவதால் விளையாட்டின்போது இருக்கும் கொள்ளளவு மாநாட்டுக்குக் கிடைக்காது. விருந்தினர் அனுமதி அட்டைக்கு அவ்வளவு தட்டுப்பாடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

5. இவ்வளவு செலவையும் யார் கொடுக்கிறார்கள்? வரிப்பணமா?

பாதுகாப்புச் செலவுக்கு வரிப்பணம். மற்றவற்றுக்கு இப்போது நன்கொடை. இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1972 குடியரசுக் கட்சி மாநாட்டை சான் டியேகோவில் நடத்த ஐடிடி என்ற பெருநிறுவனம் 4 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அதே காலத்தில் அந்நிறுவனத்தின் மீது அரசு தொடுத்திருந்த ஏகபோகத் தடுப்பு வழக்கு சமரசத்தில் முடிந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி பெரும் புயலைக் கிளப்பியது. இறுதியில் மாநாடு மயாமி பீச்சுக்கு மாறியது. இத்தகைய சார்புகளைத் தவிர்க்கவே 1976 முதல் மாநாடுகளுக்குப் பொது நிதி வழங்கப்பட்டது. 2012இல் ஒவ்வொரு கட்சிக்கும் ஏறத்தாழ 1.8 கோடி டாலர் கிடைத்தது. 2014இல், புற்றுநோயால் இறந்த 10 வயதுச் சிறுமி கேப்ரியெல்லா மில்லரின் பெயரைத் தாங்கிய சட்டம் அந்த நிதியை நிறுத்தி, குழந்தைகள் நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பியது.

குழந்தைகளின் நோய்க்கு ஆராய்ச்சி நடப்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் பொது நிதி நின்ற இடத்தை நிரப்பியது பெரும்பணம். வரவேற்புக் குழு என்பது சட்டப்படி நகரத்தை முன்னிறுத்தும் அமைப்பாகக் கருதப்படுவதால், நிறுவனங்களிடமிருந்து வரம்பில்லாமல் நன்கொடை பெறலாம். 2014 இறுதியில் வந்த இன்னொரு சட்டம், கட்சிகளே மாநாட்டுக்கெனத் தனிக் கணக்கு வைத்து, வழக்கமான வரம்பைப்போல் மும்மடங்கு வரை வாங்க வழி செய்தது. 1972இல் எழுந்த கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது என்பது என் கருத்து.

6. நான் சாதாரண ஆள். எனக்குக் கட்சியில் யாரையும் தெரியாது. நான் பேராளராக முடியுமா?

முடியும். ஆசிரியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் என எத்தனையோ பேர் ஒவ்வொரு முறையும் செல்கிறார்கள். முதல் படி, உங்கள் கவுண்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) கட்சிக் கிளையின் கூட்டத்துக்குப் போவது. இரண்டாவது, மாநிலத்தின் பேராளர் தேர்வு முறையைப் படித்து விண்ணப்பத்துக்கான கடைசி நாளைக் குறித்துக்கொள்வது. பல மாநிலங்களில் அந்த நாள் முதனிலைத் தேர்தலுக்கும் முன்பே முடிந்துவிடும், பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்றாவது, நீங்கள் ஆதரிக்கும் போட்டியாளரின் பிரசாரக் குழுவுக்கு உங்களைத் தெரியப்படுத்துவது. ஜனநாயகக் கட்சியில் தன் பெயரில் நிற்கும் பேராளர் விண்ணப்பதாரர்களை ஏற்கவோ நீக்கவோ போட்டியாளருக்கு உரிமை உண்டு.

பிறகு மாவட்ட அளவிலான கூட்டத்தில் வாக்குக் கேட்க வேண்டும். வருபவர்கள் சில சமயம் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். நண்பர்கள், அண்டை வீட்டார், கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் பழகியவர்கள் என முப்பது நாற்பது பேரை உரிய கட்சியில் பதிவு செய்ய வைத்து அழைத்து வருபவர் வெல்ல வாய்ப்புண்டு. ஜனநாயகக் கட்சியில் மாநிலத்துக்கென ஒதுக்கப்படும் அடிப்படைப் பேராளர்களில் குறைந்தது 75 விழுக்காட்டினர் நாடாளுமன்றத் தொகுதி அல்லது அதைவிடச் சிறிய வட்டத்திலிருந்து வர வேண்டும். ஆண் பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். முதல் முறை தோற்றவர்கள் மாநில அளவிலான இடத்துக்கோ மாற்றுப் பேராளர் பதவிக்கோ மீண்டும் முயலலாம்.

7. எனக்கு கிரீன் கார்டுதான் இருக்கிறது. என்னால் எதுவும் செய்ய முடியாதா?

பேராளர் தேர்வு வாக்காளர்களைச் சார்ந்தது. எனவே குடியுரிமை பெறும்வரை அந்தப் பதவியை எண்ண வேண்டாம், வாக்களிக்கவும் கூடாது. தன்னார்வலராக வேலை செய்யலாம். நிரந்தர வசிப்புரிமை உள்ளவர் நன்கொடையும் கொடுக்கலாம். ஊரிலிருக்கும் உறவினர், அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர், "உன் பயணச் செலவுக்கு வைத்துக்கொள்" என்று ஒரு பேராளருக்குப் பணம் அனுப்புவது கூட்டரசுத் தேர்தல் சட்டத்துக்கு எதிரானது. இதில் மிகுந்த கவனம் தேவை.

8. பேராளர்களின் எண்ணிக்கையை இரண்டு கட்சிகளும் ஒரே முறையில்தான் பிரிக்கின்றனவா?

இல்லை. ஜனநாயகக் கட்சி எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறையைப் பின்பற்றுகிறது. 15 விழுக்காடு வாக்குக்குக் குறைந்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. குடியரசுக் கட்சி மாநிலங்களுக்கு அதிக சுதந்திரம் தருகிறது. மார்ச் 15க்கு முன் நடக்கும் தேர்தலில் முதலிடம் பெற்றவருக்கே எல்லாம் என்ற முறை கூடாது. அதன் பிறகு கூடும். அதனால்தான் குடியரசுக் கட்சியில் முன்னணியில் இருப்பவர் மார்ச் நடுவில் திடீரென்று எட்ட முடியாத தூரத்துக்குப் போய்விடுகிறார்.

குடியரசுக் கட்சியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பொதுவாக 10 பேராளர்கள், நாடாளுமன்றத் தொகுதிக்கு 3 பேர், மாநிலத்தின் கட்சிப் பொறுப்பாளர் மூவர், இவற்றோடு கடந்த தேர்தல்களில் கட்சி பெற்ற வெற்றிகளுக்கான கூடுதல் இடங்கள் என்று கணக்கு. அமெரிக்கன் சமோவா, குவாம் போன்ற ஆட்சிப்பகுதிகள் நவம்பரில் அதிபருக்கு வாக்களிக்க முடியாது. ஆனால் மாநாட்டுக்குப் பேராளர்களை அனுப்புகின்றன.

9. தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டேன். இனி என் செலவு என்ன, நான் என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பயணம், விடுதி, உணவு எல்லாம் பொதுவாக உங்கள் பொறுப்பு. விடுதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒவ்வொரு மாநிலக் குழுவுக்கும் கட்சி ஒரு விடுதியை ஒதுக்கும், வாடகை மாநாட்டுக் கால விலையில் இருக்கும். பல மாநிலக் கிளைகள் வசதி குறைந்த பேராளர்களுக்கு உதவுகின்றன. சிலர் நண்பர்களிடம் நிதி திரட்டுகிறார்கள். அப்படித் திரட்டும்போது நிறுவனங்களிடமிருந்தும் தொழிற்சங்கங்களிடமிருந்தும் வாங்கக் கூடாது. வெளிநாட்டவர் பற்றி 7ஆம் கேள்வியில் சொன்னதை நினைவில் வையுங்கள்.

ஜனநாயகக் கட்சியில் அனுமதி அட்டை நாளுக்கு ஒன்று. அந்தந்த நாள் காலையில், பெரும்பாலும் மாநிலக் குழுவின் சிற்றுண்டிக் கூட்டத்தில் கொடுப்பார்கள். தூங்கிவிட்டால் அட்டை தாமதமாகும். பேராளர் வர இயலாத போது அவரிடத்தில் மாற்றுப் பேராளர் அமர்வார். அரங்கத் தளத்தில் கொறடாக்கள் இருப்பார்கள். எப்போது எழுவது, எந்தப் பதாகையை உயர்த்துவது என்பதிலிருந்து, விதி குறித்த வாக்கெடுப்பில் பிரசாரக் குழுவின் நிலைப்பாடு என்ன என்பது வரை அவர்கள் வழியாகவே வரும். நல்ல காலணி அணியுங்கள். மாலை நிகழ்ச்சி நள்ளிரவைத் தொடும். பாதுகாப்பு வளையத்துக்குள் நுழையவே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும்.

10. ஏதேதோ குழுக்கள் என்கிறார்களே, அவற்றுக்கு உண்மையில் அதிகாரம் உண்டா?

மாநாட்டில் உண்மையான அதிகாரம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் குழுக்களைத்தான் காட்டுவேன். கொள்கை அறிக்கைக் குழு, விதிகள் குழு, தகுதிச் சான்றுக் குழு ஆகிய மூன்றும் மாநாட்டுக்கு முந்தைய நாள்களிலோ வாரங்களிலோ கூடி, பேராளர்கள் முன் வைக்கப்படும் ஒவ்வொன்றையும் தயார் செய்கின்றன. குடியரசுக் கட்சியில் ஒவ்வொரு மாநிலத்தின் பேராளர் அணியும் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் அனுப்புகிறது. தகுதிச் சான்றுக் குழுதான் யார் பேராளர், யார் அல்லர் என்பதைத் தீர்மானிக்கிறது. 1912இல் குடியரசுக் கட்சியில் தகராறுக்கு உள்ளான 254 இடங்களில் 235ஐ தேசியக் குழு அப்போதைய அதிபர் டாஃப்ட் பக்கம் கொடுத்தது; அவரை எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டுக்கு 19. ரூஸ்வெல்ட் கட்சியை விட்டு வெளியேறித் தனிக்கட்சி தொடங்கினார், கட்சி பிளந்தது, நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் உட்ரோ வில்சன் வென்றார்.

1964இல் நடந்தது இன்னும் ஆழமானது. மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்களிக்க விடாமல் தடுத்தே ஜனநாயகக் கட்சியின் பேராளர் குழு தேர்வாகியிருந்தது. அதற்கு எதிராக, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி தானே முறைப்படி கூட்டங்கள் நடத்தித் தன் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து, மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிக்கு அனுப்பியது. பருத்தி வயலில் உழைத்த ஃபேனி லூ ஹேமர், வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றதற்காகத் தான் வேலையிலிருந்து விரட்டப்பட்டதையும் சிறையில் அடிக்கப்பட்டதையும் தகுதிச் சான்றுக் குழுவின் முன் எடுத்துரைத்தார். அது நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தபோது, அதிபர் ஜான்சன் கேமராக்களைத் திருப்புவதற்காகத் திடீரெனச் செய்தியாளர்களை அழைத்தார். குழு இரண்டே இடங்கள் தர முன்வந்தது, அவர்கள் மறுத்தார்கள். ஆனால் அடுத்த மாநாட்டுக்கு இனப்பாகுபாடு காட்டும் குழுக்கள் ஏற்கப்படா என்ற உறுதி பிறந்தது. 1968இல் மிசிசிப்பியின் பழைய குழு வெளியே நிறுத்தப்பட்டது. ஒரு குழு அறையில் கேட்கப்பட்ட சாட்சியம் கட்சியின் உருவையே மாற்றியதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டை நான் அறியேன்.

கொள்கை அறிக்கையும் முன்பே எழுதி முடிக்கப்படுவதுதான். 2024இல் ஜனநாயகக் கட்சியின் அறிக்கை அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகுவதற்கு முன் தயாரானது. மாநாடு அதை மாற்றாமல் ஏற்றதால், பைடனின் இரண்டாம் ஆட்சிக்காலம் பற்றிய வரிகள் அப்படியே நின்றன.

11. சூப்பர் டெலிகேட் என்பவர்கள் மக்கள் தீர்ப்பை மாற்றிவிடுவார்களாமே?

இவர்கள் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள், முன்னாள் அதிபர்கள் முதலானோர். தேர்தல் இன்றித் தம் பதவியால் பேராளர் ஆகிறவர்கள். 1984 மாநாட்டிலிருந்து இம்முறை இருக்கிறது. சிகாகோ பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான, தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி போன்றோர் இந்த வகையில் இடம் பெறுகிறார்கள்.

2016இல் ஹிலாரி கிளின்டன்–பெர்னி சாண்டர்ஸ் போட்டியில் எழுந்த கசப்புக்குப் பிறகு, 2018இல் விதி மாறியது. முதல் சுற்றில் முடிவை மாற்றக்கூடிய நிலை இருந்தால் இவர்கள் வாக்களிக்க முடியாது. அப்போது இரண்டாம் சுற்றுக்குப் போனால் மட்டுமே வாக்குரிமை. 2020இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர்கள் 3,979 பேர்; வெற்றிக்கு அவர்களில் 1,991 பேரின் ஆதரவு தேவைப்பட்டது. குடியரசுக் கட்சியில் இதற்கு நிகரான மூன்று கட்சிப் பொறுப்பாளர்களும் தம் மாநில முடிவுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

12. தேர்ந்தெடுக்கப்பட்ட பேராளர் மாநாட்டில் மனம் மாறி வேறு ஒருவருக்கு வாக்களித்தால் என்ன ஆகும்?

குடியரசுக் கட்சியின் விதி கடுமையானது: முதல் சுற்றில் மாநில முடிவுக்குக் கட்டுப்பட்ட வாக்கு, பேராளர் என்ன சொன்னாலும் அந்த முடிவுப்படியே பதிவாகும். ஜனநாயகக் கட்சியின் விதி, தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் உணர்வை நல்ல மனச்சாட்சியோடு பிரதிபலிக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறது. 1980இல் அதிபர் கார்ட்டரை எதிர்த்துக் கட்சிக்குள் போட்டியிட்ட எட்வர்ட் கென்னடியின் ஆதரவாளர்கள் பேராளர்களை விடுவிக்குமாறு மாநாட்டுத் தளத்தில் போராடினார்கள். கார்ட்டரின் தரப்பு அந்த வாக்கெடுப்பில் வென்றது. வேட்பாளர் போட்டியும் அத்துடன் முடிந்தது. ஆனால் கட்டுப்பாடு அளவு மீறியது என்ற எண்ணம் பரவி, அதன் பிறகுதான் மனச்சாட்சி பற்றிய இப்போதைய சொற்கள் வந்தன.

நடைமுறையில் மனமாற்றம் மிக அரிது. 6ஆம் கேள்வியில் சொன்னபடி, போட்டியாளரின் ஒப்புதலோடு நிற்பவர்கள் அவருடைய உண்மையான ஆதரவாளர்களாகவே இருப்பார்கள்.

13. விதியை வைத்தே ஒருவரை வெல்லவோ வீழ்த்தவோ முடியுமா?

முயன்றிருக்கிறார்கள். 1976இல் கான்சஸ் சிட்டியில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் அதிபர் ஃபோர்டும் அவரை எதிர்த்த ரீகனும் ஏறக்குறைய சமபலத்தில் நின்றார்கள். ரீகன் தன் துணை அதிபர் வேட்பாளரை முன்பே அறிவித்திருந்தார்; எல்லாப் போட்டியாளரும் அப்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்து ஃபோர்டை இக்கட்டில் மாட்ட அவர் தரப்பு முயன்றது. தீர்மானம் 1,069க்கு 1,180 என்ற கணக்கில் தோற்றது. மறுநாள் இரவு ஃபோர்டுக்கு 1,187, ரீகனுக்கு 1,070. இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: விதி மீதான வாக்கெடுப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

2012இல் குடியரசுக் கட்சி, எட்டு மாநிலங்களின் பேராளர் பெரும்பான்மை இருந்தால்தான் ஒருவர் பெயரை முன்மொழியலாம் என்று விதியை உயர்த்தியது. அவ்வாண்டு போட்டியிட்ட ரான் பாலின் ஆதரவாளர்கள் எழுப்பிய எதிர்ப்புக் குரல் எடுபடவில்லை. ஜனநாயகக் கட்சியின் வரலாற்றில் இதைவிடப் பெரிய விதியும் இருந்தது: 1832 முதல் 1936 வரை வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. தென் மாநிலங்கள் தமக்குப் பிடிக்காதவரைத் தடுக்க அதுவே கருவியாக இருந்தது.

14. முதல் சுற்றில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால்?

மீண்டும் மீண்டும் வாக்கெடுப்பு நடக்கும். மேலே சொன்ன மூன்றில் இரண்டு பங்கு விதி இருந்த காலத்தில், 1924இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மக்கடூவும் அல் ஸ்மித்தும் விட்டுக்கொடுக்காமல் நிற்க, 103ஆவது சுற்றில் ஜான் டேவிஸ் வேட்பாளரானார். ஜூன் 24 அன்று தொடங்கிய மாநாடு ஜூலை 9 வரை நீண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று கடைசியாகத் தேவைப்பட்டது 1952இல். ஜனநாயகக் கட்சியின் அட்லாய் ஸ்டீவன்சன் மூன்றாம் சுற்றில் வென்றார். இன்று அப்படி நேர்ந்தால் 11ஆம் கேள்வியில் குறிப்பிட்ட பதவிவழிப் பேராளர்கள் இரண்டாம் சுற்றில் நுழைவார்கள்.

15. 2024இல் பைடன் விலகியபோது மாநாட்டுக்கு முன்பே ஹாரிஸ் எப்படி வேட்பாளரானார்? அது முறையா?

விதிப்படி முறைதான். பைடன் ஜூலை 21 அன்று விலகியதும் அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,900 பேராளர்கள் விடுபட்டார்கள். புதிதாகப் போட்டியிட 300 பேராளர்களின் கையெழுத்து, ஒரு மாநிலத்திலிருந்து 50க்கு மேற்படாமல், தேவை என்று கட்சி அறிவித்தது. அதை எட்டியவர் கமலா ஹாரிஸ் ஒருவரே. ஆகஸ்ட் 1 முதல் 5 வரை இணையவழியே வாக்கெடுப்பு நடந்தது. ஆகஸ்ட் 19 அன்று தொடங்கிய சிகாகோ மாநாட்டில் நடந்த மாநிலவாரிப் பெயரழைப்பு, கொண்டாட்டத்துக்கானது.

இணையவழி வாக்கெடுப்புத் திட்டம் பைடன் விலகுவதற்கு முன்பே வகுக்கப்பட்டது. ஒஹையோ மாநிலச் சட்டப்படி வேட்பாளர் பெயரை ஆகஸ்ட் 7க்குள் தெரிவிக்க வேண்டும்; மாநாடோ அதன் பிறகுதான். ஒஹையோ சட்டமன்றம் கெடுவைத் தளர்த்திய பின்னரும், வழக்கு வந்தால் சிக்கல் என்று கருதிக் கட்சி தன் திட்டத்தைக் கைவிடவில்லை. தேதியைக் குறிக்கும்போது ஒவ்வொரு மாநிலத்தின் கெடுவையும் பார்க்காவிட்டால் என்ன நேரும் என்பதை இது காட்டியது. வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத ஒருவர் வேட்பாளரானது குறித்துப் பலர் வருந்தினார்கள்; அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முதனிலைத் தேர்தல்கள் எல்லாம் முடிந்திருந்த நிலையில் அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடிய, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு பேராளர்களைத் தவிர வேறு இல்லை.

திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் பேத்தி ஹாரிஸ் என்பதால் நம்மவர்களிடம் தனி ஆர்வம் இருந்தது. 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பத்தாரைச் சொல்லும் வரிசையில் தன் சித்திகளையும் அதே தமிழ்ச் சொல்லால் குறிப்பிட்டார்.

16. பாதுகாப்பு என்ற பெயரில் போராட்டங்களை அடக்கிவிடுகிறார்களா?

மாநாடுகள் தேசியச் சிறப்புப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளாக அறிவிக்கப்படுகின்றன. அதிபரைக் காக்கும் கூட்டரசு அமைப்பான சீக்ரெட் சர்வீஸ் தலைமை ஏற்கிறது. 2024இல் ஒவ்வொரு நகரத்துக்கும் 7.5 கோடி டாலர் மத்திய நிதி கிடைத்தது. ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவில் டிரம்ப் சுடப்பட்ட இரண்டாம் நாளே மில்வாக்கி மாநாடு திட்டமிட்டபடி தொடங்கியது.

போராட்டக்காரர்கள் பல மாதங்களுக்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். பாதை பற்றி நகராட்சியோடு நீதிமன்றத்தில் வாதிடுவது வழக்கமாகிவிட்டது. 2004இல் பாஸ்டனில் போராட ஒதுக்கிய இடம் கம்பி வேலியும் வலையும் சூழ்ந்திருந்தது. கண்ணுக்கெட்டும் தூரத்தில், காதுக்கெட்டும் தூரத்தில் நின்று எதிர்ப்புச் சொல்ல முடியாத மாநாடு மக்களாட்சி மாநாடாகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

17. எல்லாம் முடிந்து, வேட்பாளர் மாநாட்டுக்குப் பிறகு விலகினால் அல்லது இறந்தால்?

மாநாட்டை மீண்டும் கூட்டுவது அரிது. தேசியக் குழு கூடி மாற்று வேட்பாளரை நியமிக்கும். 1972 ஜூலையில் துணை அதிபர் வேட்பாளராக அவசரமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தாமஸ் ஈகிள்டன், மன அழுத்தத்துக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றிருந்தது வெளியானதும் அம்மாத இறுதியில் விலகினார். ஆகஸ்டில் ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு சார்ஜென்ட் ஷ்ரைவரைத் தேர்ந்தெடுத்தது. துணை அதிபர் வேட்பாளரின் பின்னணியை வழக்கறிஞர்களைக் கொண்டு பல வாரங்கள் துருவிப் பார்க்கும் இன்றைய வழக்கம் வலுப்பெற்றது அதன் பிறகுதான். குடியரசுக் கட்சியில் தேசியக் குழுவே நிரப்பினால், ஒவ்வொரு மாநிலத்தின் மூன்று உறுப்பினர்களும் சேர்ந்து அம்மாநிலப் பேராளர்களுக்கு இருந்த அத்தனை வாக்குகளையும் அளிப்பார்கள்.

இதில் உண்மையான இடர் காலம்தான். வெளிநாட்டிலும் ராணுவத்திலும் இருக்கும் வாக்காளர்களுக்குத் தேர்தலுக்கு 45 நாள்களுக்கு முன்பே வாக்குச்சீட்டு அனுப்ப வேண்டும் என்பது கூட்டரசுச் சட்டம். செப்டம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு பெயரை மாற்ற நேர்ந்தால், அச்சான வாக்குச்சீட்டில் பழைய பெயரே இருக்கும்; அதற்கு விழும் வாக்குகளை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு மாநிலச் சட்டமும் தனித்தனியே சொல்கிறது, சில மாநிலங்களில் தெளிவாகச் சொல்வதுகூட இல்லை.